யாருடைய இடுப்பு, யாருக்கு அளவுகோல்?

நான்கு ஆண்கள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர், இன்னொருவர் தமிழர், மூன்றாமவர் ஜப்பானியர், நாலாவது ஆள் கென்யாக்காரர். நாலு பேருக்கும் இடுப்புச் சுற்றளவு 92 செ.மீ. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2005இல் வெளியிட்ட பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஸ்காட்லாந்துக்காரர் பிரச்சினையில்லாத ஆள். அவருக்கான கோடு 94. தமிழர் கோட்டைத் தாண்டிவிட்டார். தெற்காசிய ஆணுக்குக் கோடு 90. ஜப்பானியர் எப்போதோ தாண்டியாயிற்று, அவருக்கு 85. கென்யாக்காரர் தாண்டவில்லை. ஆனால் அவர் தாண்டாததற்குக் காரணம் அவருடைய உடல் அல்ல. அவருக்கென்று அந்தப் பட்டியலில் எண்ணே கிடையாது. சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்கர்களுக்குத் தனித் தரவுகள் கிடைக்கிறவரை ஐரோப்பியர் அளவையே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு குறிப்பு மட்டும் இருக்கிறது. தரவு இல்லாதவன் ஐரோப்பியனாகக் கருதப்படுவான்.

இதெல்லாம் டாக்டர் சமாச்சாரம், இலக்கியப் பத்திரிகையில் எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். உடல், அதிகாரம், கண்காணிப்பு என்று முப்பது வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறோம். ஃபூக்கோவின் பெயர் வராத இதழ் இல்லை. ஆனால் நம் உடலை நிஜமாகவே அளக்கிற அந்த இஞ்ச் டேப்பை அதிகம் பேர் கையில் எடுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. மருத்துவம் ஒரு புனைவு என்று நிறுவுவது என் நோக்கமல்ல. அது சோம்பேறித்தனமான கட்டுடைப்பு. சர்க்கரை வியாதியில் கால் விரலை இழந்தவரிடம் போய் அதைச் சொல்ல முடியாது. இந்தக் கோட்டை யார், எந்த உடல்களைப் பார்த்து, எப்படிப் போட்டார்கள் என்பதுதான் இங்கே கேள்வி.

முதலில், ஏன் இடுப்பு? எடை போதாதா?

மார்செய் நகரத்து மருத்துவர் ழான் வாக் 1947இல் ஒரு விஷயத்தைச் சொன்னார். கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். தொடையிலும் பிட்டத்திலும் சேர்கிற கொழுப்பு அவ்வளவு கெடுதி செய்வதில்லை. மேலுடம்பிலும் வயிற்றிலும் சேர்கிற கொழுப்புதான் நீரிழிவையும் மாரடைப்பையும் கூட்டிக்கொண்டு வருகிறது. முதலாவதைப் பெண்வகை என்றும் இரண்டாவதை ஆண்வகை என்றும் அவர் பெயர் வைத்தார் (இந்தப் பெயரிடலையே தனியாக ஒரு கட்டுரையில் பிரித்துப் பார்க்கலாம்). ரொம்ப நாள் யாரும் இதைக் கண்டுகொள்ளவில்லை. 1980களில் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரத்து ஆய்வுகள் வந்தபிறகுதான் இடுப்பு மறுபடி பேசப்பட்டது.

விரலால் கிள்ளிப் பிடிக்க முடிகிற கொழுப்பு தோலுக்கு அடியில் இருப்பது. இன்னொரு கொழுப்பு உள்ளே, குடலைச் சுற்றி இருக்கிறது. அதைக் கிள்ள முடியாது. அங்கிருந்து கிளம்பும் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குப் போகிறது, கொழுப்பு அமிலங்களைச் சுமந்துகொண்டு. கல்லீரலிலும் தசையிலும் கொழுப்பு படியப் படிய, இன்சுலின் சொல்வது அவற்றின் காதில் ஏறுவதில்லை. கணையம் இன்னும் அதிகமாக இன்சுலின் சுரந்து ஈடுகட்டப் பார்க்கிறது. ஒரு கட்டத்தில் அதற்கு முடியாமல் போகும்போது ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. இதற்கு இன்னொரு விளக்கமும் உண்டு. தோலுக்கடியிலான கொழுப்பு ஒரு நெற்குதிர் மாதிரி. குதிர் பெரியதாக இருந்தால் எவ்வளவு கொட்டினாலும் உள்ளே அடங்கும். சின்னக் குதிர் சீக்கிரம் நிறைந்து, நெல் கூடத்திலும் திண்ணையிலும் சிதறும். தெற்காசியர்களுக்குக் குதிர் சிறியது என்பது ஒரு கருதுகோள். இடுப்பளவு இந்தச் சிதறலைக் காட்டும் ஒரு மலிவான அடையாளம், அவ்வளவுதான். டேப்புக்கு உள்கொழுப்பும் வெளிக்கொழுப்பும் ஒன்றுதான். பிரித்துப் பார்க்க ஸ்கேன் வேண்டும்.

இனி கோட்டுக்கு வருவோம். அதற்கு முன்னால் பி.எம்.ஐ.யைப் பற்றி ஒரு வார்த்தை. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் இந்தக் கணக்கின் மூலவர் அடால்ஃப் கெட்லே, பெல்ஜியத்து வானியலாளர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'சராசரி மனிதன்' என்ற கருத்தாக்கத்தை உருவாக்கியவர். ஸ்காட்லாந்துப் படைவீரர்கள் ஐயாயிரத்துச் சொச்சம் பேரின் மார்புச் சுற்றளவை வைத்துக்கொண்டு, சராசரியே இயற்கையின் இலட்சியம், மற்றதெல்லாம் அதிலிருந்து பிசகியவை என்று வாதாடினார். சராசரி என்ற கணக்கு, 'இயல்பு' என்ற நெறியாக மாறிய இடம் இது. 1972இல் ஆன்செல் கீஸும் சகாக்களும் அந்தப் பழைய கணக்கைத் தூசுதட்டி எடுத்து இன்றைய பெயரை வைத்தார்கள். அவர்கள் பார்த்தது ஐந்து நாடுகளைச் சேர்ந்த 7,424 ஆண்களை: அமெரிக்கா, ஃபின்லாந்து, இத்தாலி, ஜப்பான், தென்னாப்பிரிக்கா. பெண் ஒருவர்கூட இல்லை. இந்தியா அந்தப் பட்டியலிலேயே இல்லை.

இடுப்பின் 94 எங்கிருந்து வந்தது? கிளாஸ்கோவிலிருந்து. (ஸ்காட்லாந்துக்காரர்கள் இந்தக் கதையில் மறுபடி மறுபடி வருவது தற்செயல்தான்.) 1995இல் மைக்கேல் லீனும் சகாக்களும் வடக்கு கிளாஸ்கோ மக்களை அளந்து, ஆண்களுக்கு 94, 102 என்றும் பெண்களுக்கு 80, 88 என்றும் இரண்டு படிகளை முன்வைத்தார்கள். கவனிக்க வேண்டிய விஷயம் இது: அவர்கள் யாருக்கு நீரிழிவு வருகிறது என்று வருஷக்கணக்கில் காத்திருந்து பார்த்து இந்தக் கோட்டைப் போடவில்லை. பி.எம்.ஐ. 25ஐயும் 30ஐயும் தொடுகிறவர்களுக்கு இடுப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துப் போட்டார்கள். அதாவது பி.எம்.ஐ. என்ற பிரதியை இடுப்பு என்ற மொழிக்குப் பெயர்த்தார்கள். ஜனங்களுக்கு எளிதாக ஒரு எச்சரிக்கை கொடுப்பதுதான் அவர்கள் நோக்கம், அதில் தவறில்லை. ஆனால் அமெரிக்க வழிகாட்டு நெறிகள் 102, 88 என்று எடுத்துக்கொண்டபோது, ஒரு நகரத்து உடல்களிலிருந்து வந்த அளவு உலகத்துக்கான அளவாகிவிட்டது. எங்கே பிறந்தது என்பதை மறைத்துக்கொள்வதுதான் பொதுமை என்பதன் வழக்கமான வேலை.

இந்தப் பொதுமையை உடைத்தது கோட்பாட்டாளர்கள் அல்ல, வேறு உடல்கள். லண்டனில் குடியேறிய பஞ்சாபிகள், குஜராத்திகள், வங்காளிகளை ஆராய்ந்து 1991இல் வந்த ஆய்வு, அதே வயது ஐரோப்பியர்களைவிட அவர்களிடம் நீரிழிவு பலமடங்கு அதிகம், வயிற்றுக்கொழுப்பும் அதிகம் என்று காட்டியது. இங்கிலாந்தில் 14 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவேடுகளை வைத்து 2021இல் வந்த கணக்கு இன்னும் துல்லியமானது. வெள்ளையருக்குப் பி.எம்.ஐ. 30இல் இருக்கிற நீரிழிவு ஆபத்து, தெற்காசியருக்கு 23.9லேயே வந்துவிடுகிறது; அரபியருக்கு 26.6, சீனருக்கு 26.9, கறுப்பினத்தவருக்கு 28.1. வித்தியாசமெல்லாம் கற்பிதம் என்று சொல்லிவிட்டு நகர முடியாது. மேற்கத்திய அளவை வைத்துக்கொண்டு 'நீங்க குண்டா இல்லையே, பயப்படாதீங்க' என்று அனுப்பிவைக்கப்பட்டவர்கள் நிறைய.

சரி, நமக்கென்று ஒரு எண் வேண்டும். எப்படிப் போடுவது?

ஜல்லடையை நினைத்துக்கொள்ளுங்கள். கோட்டைக் கீழே இறக்கினால், வியாதி உள்ளவர் யாரும் தப்ப மாட்டார். ஆனால் ஒன்றுமில்லாதவர்களும் கூட்டமாக மாட்டுவார்கள். கோட்டை மேலே ஏற்றினால், அநாவசியமாக மாட்டுகிறவர் குறைவு, வியாதிக்காரர் நழுவிப்போவார். எந்த எண்ணைப் போட்டாலும் இரண்டில் ஒரு தவறு நடந்தே தீரும். புள்ளியியலில் வழக்கமாகச் செய்வது, இரண்டு தவறுக்கும் ஒரே எடை கொடுத்து, இரண்டும் சேர்ந்து குறைவாக இருக்கும் இடத்தில் கோட்டைப் போடுவது. அறிவியலின் நடுநிலை மாதிரித் தெரியும் இந்த இடத்தில்தான் ஒரு தீர்மானம் ஒளிந்திருக்கிறது. ஒன்றுமில்லாத ஒருவர் தேவையில்லாமல் ஒரு சுகர் டெஸ்ட் எடுத்துக்கொள்வதும், வியாதி இருக்கிற ஒரு கட்டிட வேலைக்காரர் தெரியாமலே பத்து வருஷம் இருந்து சிறுநீரகம் கெட்டு வந்து நிற்பதும் ஒரே எடையா? இதைக் கணக்கு சொல்லாது. யாராவது முடிவு செய்ய வேண்டும். யாரோ முடிவு செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

சென்னையையே எடுத்துக்கொள்ளலாம். நீரிழிவு ஆராய்ச்சியில் இந்த நகரத்துக்கு உலக அளவில் இடம் உண்டு. 2003இல் இங்கிருந்து சினேகலதா, விஸ்வநாதன், ராமச்சந்திரன் ஆகியோர் எழுதிய கட்டுரை ஆண்களுக்கு 85, பெண்களுக்கு 80 என்றது. 2007இல் மோகன் குழுவினர் சென்னையில் நடத்திய பெரிய ஆய்வு 87, 82 என்றது. 2009இல் இந்திய மருத்துவர்களின் கருத்தொருமிப்பு அறிக்கை 90, 80 என்று நிறுத்தி, அதற்கும் கீழே 78, 72 என்று முன்னெச்சரிக்கைப் படி ஒன்றையும் வைத்தது. ஆறு வருஷத்துக்குள் ஒரு தமிழ் ஆணின் கோடு 78க்கும் 90க்கும் இடையில் ஆடுகிறது. யாரும் ஏமாற்றவில்லை. எந்தக் கூட்டத்தை அளந்தார்கள், எதை ஆபத்து என்று எடுத்துக்கொண்டார்கள், எந்தத் தவறைப் பொறுத்துக்கொண்டார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது.

இப்போது அந்தக் கென்யாக்காரரிடம் திரும்பலாம். தரவு கிடைக்கிறவரை என்று சொன்னார்களல்லவா, தரவு 2017இல் கிடைத்தது. சகாராவுக்குத் தெற்கே எட்டு நாடுகள், 17 ஆய்வுகள், 24,181 பேர். நீரிழிவு மட்டுமல்லாமல் ரத்தக்கொதிப்பு போன்ற ஆபத்துகளையும் சேர்த்துப் பார்த்துக் கிடைத்த எண்: ஆண்களுக்கு 81.2, பெண்களுக்கு 81.0. பெண்களுக்கு இரவல் வாங்கிய 80 ஏறக்குறைய பொருந்திப்போயிற்று. ஆண்களுக்கு 94க்கும் 81க்கும் உள்ள தூரம் 13 செ.மீ., அதாவது ஐந்து அங்குலம். பெஞ்சில் பிரச்சினையில்லாமல் உட்கார்ந்திருந்தவர் இந்தக் கணக்குப்படி கோட்டுக்கு 11 செ.மீ. அந்தப் பக்கம் இருக்கிறார். பன்னிரண்டு வருஷம் அவருடைய 'இல்லாத எண்' அவரை ஆரோக்கியமானவராக வைத்திருந்தது.

உடனே 'ஆப்பிரிக்க உடலின் உண்மையான எண் 81' என்று குதிக்க வேண்டாம். ஒல்லியான ஆண்கள் அதிகம் உள்ள ஒரு கூட்டத்தில் இந்த முறைப்படி கோடு போட்டால் எண் தானாகவே கீழே இறங்கும். தொப்பை அதிகமுள்ள கூட்டத்தில் மேலே ஏறும். அப்படியென்றால் அது இனத்தின் எண்ணா, அந்த வருஷத்து உணவு, உழைப்பு, கூலி நிலவரத்தின் எண்ணா? இரண்டும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன. இந்தப் பட்டியல்களை மானுடவியல் அட்டவணையாக வாசிப்பதில் இருக்கிற அபாயம் இதுதான். ஒருபக்கம் பொய்யான பொதுமை. அதை உடைத்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டுத் திரும்பினால், மறுபக்கத்தில் வெள்ளைக்கோட்டுப் போட்டுக்கொண்டு 'இனம்' வந்து நிற்கிறது.

ஜப்பான் விஷயம் வேறு. அங்கே 85, 90 என்று கோடு. ஆனால் 85 ஆணுக்கு, 90 பெண்ணுக்கு. உலகமெங்கும் பெண்ணுக்குக் குறைவாக இருக்க, இங்கே மட்டும் தலைகீழ். காரணம் அளந்த முறை. தொப்புள் மட்டத்தில் ஸ்கேன் எடுத்து, உள்கொழுப்பின் பரப்பு 100 சதுர செ.மீ. ஆகும்போது இடுப்பு எவ்வளவு என்று பார்த்தார்கள். பெண்களுக்குத் தோலுக்கடியில் கொழுப்பு அதிகம். அதே உள்கொழுப்பைச் சுற்றி இன்னும் தடிமனாக ஓர் உறை. எனவே எண் ஏறிவிட்டது. இதை அங்கேயே பலர் மறுத்தார்கள். 2008 ஏப்ரலில் 40 முதல் 74 வயதுவரை உள்ளவர்களுக்கு இடுப்பளவை உள்ளடக்கிய பரிசோதனையைச் செய்தாக வேண்டுமென்று சட்டப்படி ஏற்பாடு வந்தது. 'மெட்டபோ' என்பது தெருவில் புழங்கும் கேலிச்சொல்லாயிற்று. தொப்பை வைத்தால் அபராதம் என்று நம்மூரில் பரவிய செய்தி பொய். தனிமனிதருக்குத் தண்டனை எதுவும் இல்லை. இலக்கை எட்டாத காப்பீட்டு அமைப்புகள்தான் கூடுதலாகப் பணம் கட்ட வேண்டும். ஆனால் அமைப்பின் மேல் விழும் அந்தச் சுமை அலுவலகம் வழியாக ஊழியரின் பெல்ட்டில் வந்து இறுகும் என்பதை ஃபூக்கோ படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நம் பக்கத்தில் நடப்பது வேறு மாதிரியான சொல்லாடல். 'நம்ம ஜீன்லயே இருக்கு சார்.' கிளினிக்கிலும் டீக்கடையிலும் ஒரே வாக்கியம். 1962இல் ஜேம்ஸ் நீல் 'சிக்கன மரபணு' என்ற கருதுகோளை முன்வைத்தார்: பஞ்சகாலத்தில் உயிர் பிழைக்க உதவிய மரபணு, சாப்பாடு கிடைக்கும் காலத்தில் நீரிழிவாகிறது. அழகான கதை. கதைக்கு அழகு இருப்பதாலேயே அது ஓடிக்கொண்டிருக்கிறது. 1992இல் ஹேல்ஸும் பார்க்கரும் அதே சிக்கனத்தை மரபணுவிலிருந்து எடுத்துக் கருப்பைக்குள் வைத்தார்கள். தாய்க்குச் சாப்பாடு போதாதபோது வளரும் கரு, தன் உறுப்புகளை அந்தப் பற்றாக்குறைக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்கிறது. இரண்டு விளக்கங்களுக்கும் நடுவிலான வித்தியாசம் அரசியல் வித்தியாசம். முதலாவதில் குற்றவாளி முப்பாட்டன். இரண்டாவதில் ரேஷன், கூலி, பெண்ணின் தட்டில் கடைசியாக விழுகிற சோறு.

புனே பக்கத்துக் கிராமங்களில் 1993இல் யாக்னிக் குழுவினர் தொடங்கிய ஆய்வு இந்த இடத்தில் முக்கியமானது. அங்கே தாய்மார்கள் கர்ப்பத்துக்கு முன் சராசரி 42 கிலோ. குழந்தைகள் பிறக்கும்போது 2.7 கிலோ, இங்கிலாந்தின் சௌதாம்ப்டனில் 3.5. எடை, தசை, வயிற்றுப் பகுதி உறுப்புகள் எல்லாவற்றிலும் புனேக் குழந்தைகள் சிறியவை. தோலுக்கடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பிறந்த அன்றைக்கே ஒல்லி, பிறந்த அன்றைக்கே கொழுப்பு. 2004இல் இதே யாக்னிக், ஜான் யட்கின் என்ற ஆங்கிலேய மருத்துவரோடு சேர்ந்து நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. கொழுப்பு ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம், இந்தியருக்கு 21.2. அந்த ஒரு படம் பல கட்டுரைகள் செய்யாத வேலையைச் செய்தது. 42 கிலோ எடையுள்ள தாயின் உடலை 'தெற்காசிய மரபு' என்று படிப்பதா, வயல்வேலையும் அரைவயிறுமாகப் படிப்பதா? இடுப்புக் கோடு 90 என்பதற்குப் பின்னால் இந்தப் பெண்கள் இருக்கிறார்கள். பட்டியல் அவர்களை 'இனவகை' என்ற ஒரு சொல்லில் போட்டு மூடிவிடுகிறது.

நடைமுறைக்குச் சில விஷயங்கள். எங்கே அளப்பது என்பதிலேயே தமிழ் நம்மைக் குழப்புகிறது. குழந்தையை வைத்துக்கொள்வதும் இடுப்பு, சேலையைச் செருகுவதும் இடுப்பு. கவிஞர்கள் 'இடை' என்று ஆயிரம் வருஷம் பாடியும் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று சொல்லவில்லை. அவர்கள் கவலை வேறு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டபிறகு. பேண்ட் சைஸ் கணக்கில் வராது. தொப்பை உள்ளவர்கள் பேண்ட்டைத் தொப்பைக்குக் கீழேதான் போடுகிறார்கள். இனத்தைக் கேட்காத ஓர் அளவும் உண்டு. இடுப்பு, உயரத்தில் பாதிக்குக் குறைவாக இருக்கட்டும் என்கிறது இங்கிலாந்தின் 'நைஸ்' அமைப்பு 2022இல் தந்த வழிகாட்டல். 160 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு 80. 170 உள்ள ஆணுக்கு 85. 94க்கு உரிமை கொண்டாட ஒருவர் 188 செ.மீ. வளர்ந்திருக்க வேண்டும். தமிழில் 'அரை' என்றால் பாதி, 'அரை' என்றாலே இடுப்பும்தான். அரைஞாண் கட்டிய ஜனங்களுக்கு இந்தக் கணக்கு சுலபமாக மனசில் நிற்கும்.

இடுப்பை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்வதில்லை. சென்னையில் மோகன் குழுவினர் 2005இல் உருவாக்கிய மதிப்பெண் முறையில் நாலு கேள்விகள்: வயது, இடுப்பு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா. 60ம் அதற்கு மேலும் வந்தால் ஆபத்து அதிகம், ரத்தப் பரிசோதனை தேவை. ஊசி இல்லை, ஸ்கேன் இல்லை. கிராமத்துச் செவிலியர் ஒரு டேப்போடு செய்துவிடலாம். நல்ல கருவி என்றே நினைக்கிறேன்.

ஆனால் அது இரண்டாம் வகை நீரிழிவுக்கான கருவி. டேப்பின் கண்ணுக்கே தெரியாத ஒரு நீரிழிவும் இருக்கிறது. சின்ன வயசிலிருந்தே அரைப்பட்டினியாக வளர்ந்த, ஒட்டிய வயிறுள்ள ஏழைகளுக்கு வருவது. 1985இல் உலக சுகாதார நிறுவனம் 'ஊட்டமின்மை சார்ந்த நீரிழிவு' என்று அதற்குத் தனி வகை கொடுத்தது. 1999இல் ஆதாரம் போதவில்லை என்று எடுத்துவிட்டது. வகை போயிற்று, நோயாளிகள் போகவில்லை. வேலூர் சி.எம்.சி.யில் நடந்து 2022இல் வெளிவந்த ஆய்வு, இந்த ஒல்லியானவர்களின் கோளாறு இன்சுலின் காதில் ஏறாதது அல்ல, சுரப்பே குறைவு என்று காட்டியது. 2025இல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதை ஐந்தாம் வகை என்று ஏற்றுக்கொண்டது.

இப்படிப்பட்ட ஒருவரை அந்த நாலு கேள்விகளுக்கு முன்னால் நிறுத்திப் பார்க்கலாம். வயது 30, அதற்கு மதிப்பெண் 0. இடுப்பு 68 செ.மீ.; 0. காலையிலும் மாலையிலும் வேலைக்கு நாலு மைல் நடை, பகலெல்லாம் கல் சுமக்கிறார், 0. அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை இருந்ததா என்று கேட்டால், 'டெஸ்ட் எடுத்ததே இல்லீங்க' என்பார். அதற்கும் 0.